சூரியனுக்குக் குறுக்கே ஒரு நீலப் படுக்கை விரிப்பு

1984 பிப்ரவரியில் எனக்கு அவசரமாக ஒரு சூரியன் தேவைப்பட்டது.

அப்போது ஈப்போவில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கேமரா ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம். எங்கள் கடைக்கு நாட்காட்டி அச்சடித்துக் கொடுக்கும் அச்சக முதலாளி என் படங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு, "நல்ல சூரிய உதயம் ஒன்னு கொண்டாம்மா. அடுத்த வருஷக் காலண்டர்ல போட்டு, கீழ உன் பேரையும் போடுறேன்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை, படத்தில் ஆள் இருக்கக் கூடாது. "காலையில எந்திரிச்சதும் யாரோ ஒருத்தர் மூஞ்சியில முழிக்கிறதுக்கா ஜனங்க காலண்டர் மாட்டுறாங்க? சூரியன்ல முழிக்கட்டும், நல்லது நடக்கும்" என்று விளக்கமும் கொடுத்தார்.

ஈப்போவில் வீட்டுக்கு வீடு என் படம், அதன் அடியில் "வசந்தா" என்று என் பெயர்! அந்த வாரம் எத்தனை பேருக்குத் துணியைத் தப்பாக அளந்து கொடுத்தேனோ தெரியாது. எங்கள் புகைப்படக் கழகத்தில் இன்னொரு நண்பருக்கும் இதே வாய்ப்பைச் சொல்லியிருந்தார் முதலாளி; முதலில் வரும் நல்ல படத்துக்குத்தான் இடம். அவர் கிழக்குக் கரையில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு கடற்கரையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆனால் அங்கே பருவமழை இன்னும் முழுசாக விடவில்லை. மழை விடுவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். கடல் இல்லாவிட்டால் போகிறது, மலை இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

மலையைக் கொடுத்தவள் குமுதா. என்னோடு அதே கடையில் வேலை பார்த்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு புல்மேடு இருக்கிறது, அங்கே பாதை, வேலி, கொட்டகை எதுவும் கிடையாது, கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும் என்று அவள் சொன்னதுமே நான் மூட்டை கட்டிவிட்டேன். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு எங்கள் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கடையை மூடியதும் கிளம்புவதாக ஏற்பாடு. "ஞாயித்துக்கிழமை விடியக்காலையில வசந்தா நம்ம மேட்டுல போட்டோ எடுக்க வர்றா" என்று குமுதா வீட்டுக்கு ஒரு வரி எழுதிப் போட்டாள். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இனி வழி. இப்போது போல ஈப்போவிலிருந்து மலைக்கு நேரான சாலை அன்றைக்கு இல்லை. தெற்கே தாப்பாவுக்கு இறங்கி, அங்கிருந்து ஏற வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஈப்போவில் பேருந்து. தாப்பாவில் மாறி, தானா ராத்தாவுக்கு மூன்று வெள்ளி ஐம்பது காசு டிக்கெட். தூரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடித்தது. வளைவுகளை எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்த குமுதா பாதியில் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தாள். நானோ ஜன்னலோரம் உட்கார்ந்து அருவி, மூங்கில், எதிரே வந்த மரலோரி, அந்த லோரியின் மேல் தூங்கிக்கொண்டு வந்த ஆள் என்று ஒன்றையும் விடவில்லை. முப்பத்தாறு படச் சுருள். தானா ராத்தாவில் இறங்கிப் பார்த்தால் ஐந்துதான் மிச்சம்.

பரவாயில்லை, இங்கே ஒரு சுருள் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போட்டோ கடை இருந்தது. பூட்டிய கதவில் பெருநாள் விடுமுறை என்று சிவப்புக் காகிதமும் ஒட்டியிருந்தது. சீனப் பெருநாளுக்குக் கடையை மூடிவிட்டுத்தானே நாங்களே வந்திருக்கிறோம், இந்தக் கடைக்காரர் மட்டும் திறந்து வைத்திருப்பார் என்று எப்படி நினைத்தேனோ! நான்கு கிலோமீட்டர் தள்ளி பிரிஞ்சாங்கிலும் அதே கதைதான். திறந்திருந்தது ஒரு பாய் கடை மட்டும். சூடாக ரொட்டியும் பருப்புக் கறியும் சாப்பிட்டோம், இருவருக்கும் சேர்த்து இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிட்டது. "ஃபிலிமா? மீன் டின்னு இருக்கு, வேணுமா?" என்று கேட்டார் பாய்.

அங்கிருந்து திரிங்காப்புக்குக் காலிக் கூடைகளோடு போய்க்கொண்டிருந்த காய்கறி லோரியை நிறுத்தி ஏறிக்கொண்டோம். ஓட்டுநர் தமிழர். "கேமராவோட எங்க போறீங்க?" என்று கேட்டார். சூரியன் உதிப்பதைப் படம் எடுக்க என்றேன். "சூரியன் ஈப்போவுலயும் வருந்தானே தங்கச்சி?" என்றார். தோட்டத்து முனையில் இறக்கிவிட்டவர், காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டே போனார். முனையிலிருந்து லயத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடை.

குமுதாவின் அப்பா ஐயாவு, தோட்டத்தில் கங்காணி. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தித் தலை எண்ணி, வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர். அம்மா பாக்கியம், கொழுந்து பறிப்பவர். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "பசியாறினியாம்மா? குளுருதா? இந்தா, தேத்தண்ணி குடி" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் கோப்பையை நீட்டினார்.

சுவரில் மூன்று குடும்பப் படங்கள் மாட்டியிருந்தன. திருவிழாவுக்குத் திருவிழா தாப்பாவிலிருந்து ஒரு படக்காரர் வருவாராம். கையோடு ஒரு திரைச்சீலையும் கொண்டுவருவாராம். அதில் கடல், தென்னைமரம், பாய்மரக் கப்பல் எல்லாம் வரைந்திருக்கும். கோயிலுக்குப் பக்கத்தில் அதைக் கட்டி, முன்னால் பெஞ்சு போட்டுவிட்டால் லயமே குளித்து உடுத்திக்கொண்டு வரிசையில் நின்றுவிடும். மூன்று படத்திலும் ஐயாவு கடற்கரையில் நின்றார். மூன்றிலும் கண்ணை மூடியிருந்தார்.

"இவருக்கு ஃபோட்டோன்னா தூக்கம் வந்துரும்" என்றார் பாக்கியம்மா.

"அந்த ஆளு ஒன்னு ரெண்டுன்னு எண்ணுறான். மூனு எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு தானா மூடிக்குது. நான் என்னா செய்ய?" என்று ஐயாவு வருத்தத்தோடு சொன்னார். அடையாளக் கார்டில்கூட அரைக்கண்தான்.

இரவு படுக்கும்முன், "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. நாங்க பின்னாடியே வந்துர்றோம்" என்றார் அவர். விருந்தாளிக்குக் காலைச் சாப்பாடு கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

காலை ஆறு மணிக்குக் கையில் டார்ச்சோடு கிளம்பினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்து பறிப்பவர்கள் போகும் ஒற்றையடித் தடம். அரை மணி நேர ஏற்றம். செடியெல்லாம் தண்ணீர், முழங்கால் வரைக்கும் பாவாடை நனைந்துவிட்டது. கடைசிப் பத்து நிமிடம் காட்டோரம் போக வேண்டும், அங்கே அட்டை இருக்கும். குமுதா என் காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவிவிட்டாள். அட்டை என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்தது.

மேட்டில் ஏறி நின்றேன். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பனி நிரம்பிக் கிடந்தது. தேயிலைச் சரிவுகள் அந்த வெள்ளையில் கால் நனைத்துக்கொண்டு நின்றன, தூரத்து மலைகள் தீவுகளாகத் தலை நீட்டின. கடற்கரையைத் தேடிக் கிழக்கே போன நண்பரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவருக்கு முன்னால் எனக்கு ஒரு கடல் கிடைத்துவிட்டது. ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவைப் பொருத்தி, வானம் லேசாகச் சிவந்தபோது இரண்டு படம் எடுத்தேன். மீதி மூன்று. சூரியன் தலை காட்டும் நேரத்துக்கென்று அவற்றை வைத்துக்கொண்டேன். ஆள் இல்லை, வீடு இல்லை, கம்பி இல்லை. முதலாளி கேட்டபடியே எல்லாம் அமைந்திருந்தது.

ஏழு மணி இருக்கும். தடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு பெஞ்சு மேலே வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர். பின்னாலேயே பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு பாக்கியம்மா. அதற்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஐயாவு. அவருக்குப் பின்னால் லயமே வந்துகொண்டிருந்தது. எல்லார் முகத்திலும் பவுடர், எல்லாப் பெண்கள் தலையிலும் பூ. இடுப்புக் குழந்தைக்குக்கூடக் கண்மை தீட்டி, கன்னத்தில் பொட்டு வைத்திருந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"ஃபோட்டோ எடுக்க வர்றேன்னு எழுதுனீங்கள்ல? இருட்டுலயே எந்திரிச்சு எல்லாரும் குளிச்சாச்சு. தண்ணி ஐஸு மாதிரி லா! சீக்கிரம் எடும்மா, பவுடர் கலைஞ்சிரும்" என்றார் பாக்கியம்மா.

தோட்டத்துக்கு ஒருவர் கேமராவோடு வந்தால் எதற்கு வருவார்? மனிதர்களை எடுக்கத்தான் வருவார். காலியாகக் கிடக்கும் மேட்டை எடுக்க ஒருத்தி ஈப்போவிலிருந்து வருவாள் என்று யாருக்குத் தோன்றும்? நான் திரும்பிக் குமுதாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் இரண்டு இளைஞர்கள் மேட்டின் கிழக்கு விளிம்புக்குப் போய், ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து ஒரு நீலப் படுக்கை விரிப்பை உயர்த்தினார்கள். சூரியன் வர வேண்டிய இடம் சரியாக அதற்குப் பின்னால்.

"ஐயோ, அது எதுக்கு?" என்று கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பின்னால துணி கட்டாட்டி எப்புடிம்மா? வெறும் காடும் மலையுந்தானே தெரியும்! பெட்ஷீட்டு புதுசு லா. மகளுக்குச் சீர் குடுக்க வாங்கி வச்சது, இன்னும் விரிக்கவே இல்ல."

அந்த வெறும் காட்டுக்கும் மலைக்கும்தான் இத்தனை தூரம் குலுங்கிக் குலுங்கி வந்திருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கையில் மூன்று படம். கிழக்கே நொடிக்கு நொடி வெளுத்துக்கொண்டிருக்கிறது. முப்பது பேர் ஐஸ் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

பேரம் பேசினேன். எனக்குச் சூரியன் மட்டும் வேண்டும், அது தலை காட்டியதும் இரண்டு படம் எடுத்துக்கொள்கிறேன், மூன்றாவது உங்களுக்கு என்றேன். துணி வேண்டாம், நீங்கள் கிழக்கைப் பார்த்து உட்காருங்கள், சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கரிச்சட்டியாக வரும் என்றும் சொன்னேன்.

"இம்புட்டு பவுடர் போட்டும் கறுப்பாவா வரும்?" என்று பாக்கியம்மா பதறிப்போனார். அந்த ஒரு வார்த்தையில் பெஞ்சு திரும்பியது, படுக்கை விரிப்பு மடிந்தது. பெரியவர்கள் பெஞ்சில், மற்றவர்கள் பின்னால், சின்னதுகள் புல்லில். ஐயாவு நடுவில் உட்கார்ந்து இப்போதே கண்ணை இறுக்கி மூடித் திறந்து பழகிக்கொண்டிருந்தார். நான் கிழக்குக்கு முதுகைக் காட்டி நின்று, அவர்கள் எல்லாரும் படத்துக்குள் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று எண்ணம்.

திடீரென்று பேச்சு நின்றது.

கேமராவின் கண் வழியாகப் பார்க்கிறேன். பாக்கியம்மாவின் மூக்குத்தி முதலில் பற்றிக்கொண்டது. அடுத்து ஒரு பொட்டு, ஒரு கம்மல், பவுடர் அப்பிய ஒரு நெற்றி. பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வெளிச்சம் ஒவ்வொருவர் மேலாகப் போய்க்கொண்டிருந்தது. முனியம்மா அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். ஐயாவு கேமராவை மறந்துவிட்டார். என்னையும் மறந்துவிட்டார். வாயைப் பிளந்து, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வேண்டிய சூரியன் என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. திரும்பினால் கிடைத்துவிடும், காலண்டரும் கிடைத்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் திரும்பவில்லை. ஒன்று எடுத்தேன். நெம்புகோலைத் தள்ளி இன்னொன்று எடுத்தேன். மூன்றாவதையும் அங்கேயே எடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக வாழ்க்கையில் நான் எதையும் செலவழித்ததில்லை.

"எடுத்துட்டியாம்மா? ஒன்னு ரெண்டுன்னு சொல்லவே இல்லயே!" என்றார் ஐயாவு. சொல்லிவிட்டு மறுபடியும் கிழக்கே பார்த்தார். "மத்த நாள்ல இந்நேரத்துக்குப் பெரட்டுக்களத்துல நின்னு தலை எண்ணிக்கிட்டு இருப்பேன். அங்க மலை மறைச்சுக்கும், வெளிச்சம் மட்டுந்தான் வரும். இது இப்புடியா வருது?"

நான் திரும்பிப் பார்த்தபோது சூரியன் ஒரு சாண் மேலேறி வெளுத்திருந்தது. பாக்கியம்மா தூக்குச் சட்டியைத் திறந்தார். உப்புமாவும் தேத்தண்ணியும். நான் நெகிழ்ந்ததும் வீணாகவில்லை.

ஈப்போ திரும்பிக் கழுவிப் பிரிண்டு போட்டு அச்சகத்துக்கு எடுத்துப்போனேன். முதலாளி நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா சூரியன் எங்க?"

"அவங்க எல்லாரும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அவங்க பாத்தா போதுமா? காலண்டர் மாட்டுறவன் பாக்க வேணாமா?"

பனிக்கடல் படங்களையும் தள்ளிவிட்டார், சூரியன் வராத விடியல் விற்காது என்று. மார்ச்சில் நண்பருடைய கடற்கரைப் படம் வந்தது. மணல், அலை, செக்கச் சிவந்த சூரியன், ஒரு காலடித் தடம்கூடக் கிடையாது. அழகான படம், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வருடக் காலண்டரில் அதுதான் வந்தது, அடியில் அவர் பெயர். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கடையில் யாராவது நீலப் படுக்கை விரிப்புக் கேட்டால் குமுதா என்னைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்வாள். அதில்தான் கோபம் தீர்ந்தது.

1984 தீபாவளிக்கே வீட்டுக்கு ஒரு பிரிண்டாக எடுத்துக்கொண்டு மறுபடியும் மலையேறினேன். ஐயாவு படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இது நானா?" என்று கேட்டார்.

"கண்ணத் தொறந்தா இப்புடித்தான் இருப்பீங்க. நான் தெனமும் பாக்குறேன்ல" என்றார் பாக்கியம்மா.

அன்று வந்த விருந்தாளி ஒவ்வொருவரையும் ஐயாவு அந்தச் சுவருக்குக் கூட்டிப்போனார். "கண்ணப் பாருங்க, கண்ணப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வருடம் பிறந்ததும் எங்கள் கடைக் காலண்டரும் அந்த வீட்டுக்குப் போனது. கடற்கரைச் சூரியன் பக்கத்து ஆணியில் ஒரு வருடம் தொங்கிவிட்டு, பிறகு யாருடைய பள்ளிப் புத்தகத்துக்கோ அட்டையாகிவிட்டது.

சரி, இன்றைக்குப் போகிறவர்களுக்கு. தாப்பா வளைவுகளில் வயிற்றைக் கலக்கிக்கொள்ள வேண்டியதில்லை. சிம்பாங் பூலாய் வழியாகக் கம்போங் ராஜாவுக்கு நல்ல சாலை இருக்கிறது, காரில் ஈப்போவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சனி, ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் பிரிஞ்சாங் சந்தைப் பக்கம் கார் நகராது, வார நாளில் போங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மழை குறைவு. பிப்ரவரியில் சூரியன் ஏழேகால் மணிக்கு மேல்தான் வரும், மலை மறைத்தால் இன்னும் தாமதமாகும், ஆனால் அழகெல்லாம் அதற்கு அரை மணி முன்பே ஆரம்பித்துவிடும். தோட்டத்துக்குள் போக அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், செடியை மிதிக்காதீர்கள். கம்பளிச் சட்டை, டார்ச், மாற்று உடை, அட்டைக்கு ஏதாவது மருந்து வேண்டும். இப்போது ஃபிலிம் தீர்ந்துபோகும் கவலை கிடையாது. அதனால் சூரியனை எடுத்த கையோடு ஒருமுறை திரும்பி, உங்களோடு நிற்கிறவர்களையும் பாருங்கள். லயத்தில் யாரிடமாவது "ஃபோட்டோ எடுக்க வந்தேன்" என்று சொல்வதாக இருந்தால், ஒரு பெஞ்சு போட இடம் பார்த்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஐயாவு அப்பா தவறிப்போய்ப் பல வருடங்களாகிவிட்டன. மாலை போடப் படம் தேடியபோது, கண் திறந்த படம் அந்த ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தப் பிளந்த வாயைப் பார்த்ததும் தங்களை அறியாமல் சிரித்துவிட்டார்கள்.

பாக்கியம்மா இப்போது ஈப்போவில் குமுதாவோடு இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். சாமி படங்களோடு கூடத்தில் இருந்த ஐயாவு படத்தைக் கழற்றி, தன் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டச் சொல்லியிருந்தார். ஏனம்மா என்று கேட்டேன்.

"காலையில எந்திரிச்சதும் இவரு மூஞ்சியிலதான் முழிக்கிறேன்" என்றார். "இன்னிக்கு வரைக்கும் எனக்கு நல்லாத்தான் போவுது லா."